உடன் வந்தவர்

ஜூலை 5, சனி

என் மனைவியின் உடம்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் ஞானதுரை. அதுவும் அம்பாசமுத்திரம் மார்க்கெட்டில், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டே.

"சார், டீச்சருக்கு பயாப்ஸி ரிசல்ட் வந்துட்டா?" என்றான்.

நான் கையில் கத்தரிக்காயோடு நின்றேன். முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவன் நான். இந்தத் தாலுகாவில் எந்த எல்லைக்கல் எந்த வேலிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது என்று கேட்டால் சொல்வேன். என் வீட்டுச் சமாசாரத்தை ஒரு கணக்கு வாத்தியார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "இன்னும் வரல" என்று சொல்லிவைத்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞானதுரையும் என் மனைவி உலகம்மாளும் ஒரே பள்ளிக்கூடம். அவன் கணக்கு, அவள் கெமிஸ்ட்ரி. பதினாறு வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூம். அவன் பெண்டாட்டி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், மெல்லிய பேச்சு. அந்த மெல்லிய பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது.

வீட்டுக்கு வந்தால் உலகு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினேன்.

"என்ன கட்டி?"

"ஞானதுரை சார் சொன்னாரா?" என்றாள். பதறவே இல்லை. மாவை வழித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர்களுக்காக மார்பைப் படம் எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் வேன் வந்ததாம். இடது பக்கம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்ததாம். இருபத்தெட்டாம் தேதி திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட்டுச் சதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அன்னைக்கு டிரெய்னிங்னு சொல்லிட்டுப் போன?"

"ஆமா."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"ஞானதுரை சார் கார்ல போனேன்."

அன்றைக்கு நான் பழைய குழம்பைச் சூடு பண்ணித் தின்றுவிட்டு, டிரெய்னிங்கில் பெண்டாட்டிக்கு நல்ல சாப்பாடு போடுவார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தொட்டா தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரு தொட்டாலும் தெரியாது. டாக்டரம்மா கைக்கே தட்டுப்படல. எட்டு மில்லிமீட்டர்தான்."

"கைக்குத் தட்டுப்படாதது என்ன கட்டி? மிஷினு தப்பாக் காட்டியிருக்கும்."

"இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லல" என்று கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.


ஜூலை 6, ஞாயிறு

பேசவில்லை. அவளும் பேசவில்லை. மோட்டார் காற்று வாங்கிக்கொண்டு தண்ணீர் ஏறவில்லை, நானே சரிசெய்தேன். மதியம் வெண்டைக்காய்ப் பொரியல். நான் வாங்கி வந்தது கத்தரிக்காய். வெண்டைக்காய் யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.


ஜூலை 8, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. இருக்கிறது என்றுதான் வந்திருக்கிறது. அந்தச் சொல்லை இதில் எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆரம்ப நிலை, எடுத்துவிட்டால் நல்லபடியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். ஓசூரில் இருக்கும் மகள் செண்பகத்துக்கு இது ஆறாம் மாதம், அவளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று உலகு சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் வருவேன் என்று சொன்னபோது, "வாங்க, யாரு வேண்டாம்னா" என்றாள். கார் ஞானதுரையுடையது. நான் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். திருநெல்வேலி வரைக்கும் அவன் கண்ணாடியில் பின்னால் எத்தனை தரம் பார்க்கிறான் என்று எண்ணினேன். பதினொரு தரம். பின்னால் வரும் லாரியைப் பார்த்திருக்கலாம். ஆனால் சேரன்மகாதேவி வரைக்கும் லாரியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உலகுவின் ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். அட்டையில் பெயர், வயது, அதற்குக் கீழே 'உடன் வந்தவர்: ஞானதுரை' என்று எழுதி, அவன் போன் நம்பரும் இருந்தது.

"நான்தான் இவ புருஷன். இதை மாத்துங்க" என்றேன் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம்.

"அட்மிஷன் அன்னைக்குத்தான் சார் மாத்த முடியும்."

என் பேனாவை எடுத்து அட்டையில் அந்தப் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். சங்கரநயினார் நீளமான பெயர், இடம் பத்தவில்லை, பக்கவாட்டில் எழுத வேண்டியதாயிற்று. உலகு தலையில் அடித்துக்கொண்டாள். ஞானதுரை சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் மீனலோசனி சின்ன வயசுதான், ஆனால் விஷயம் தெரிந்தவர். கைக்கே தெரியாததை எப்படிப் பார்த்து வெட்டுவீர்கள் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அப்போது ஞானதுரை வெளியே இருந்தான், அவன் காதில் விழுந்திருக்காது.

சதைக்குள் சுண்ணாம்புத் தூள் போலப் புள்ளிகள் இருக்கின்றனவாம். மிஷினின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுத்த படத்தில் ஒரு இடம், மேஜையில் மல்லாந்து படுத்தால் அதே புள்ளி வேறு இடம். அதனால் வெட்டுவதற்கு முன்பே உள்ளே அடையாளம் வைத்துவிட வேண்டும். பெரிய ஊர்களில் அரிசிமணி அளவு காந்த மணி ஒன்றை ஊசி வழியாக நாலைந்து நாள் முன்னதாகவே வைத்துவிடுகிறார்களாம். ஆபரேஷனின்போது மேலே ஒரு கருவியைக் கொண்டுபோனால் அது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். லேசாகக் கதிர் வீசும் மணியும் உண்டாம். சிலருக்கு ஸ்கேன் வைத்துப் பார்த்துத் தோலில் மையால் குறி போட்டாலே போதும். உலகுவின் புள்ளிகள் ஸ்கேனில் தெரியவில்லை, மேமோகிராமில்தான் தெரிகின்றன. ஆகவே இவளுக்குக் கம்பி. ஆபரேஷன் அன்று காலையில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை இறக்குவார்கள். நுனியில் கொக்கி இருக்கிறது, அது கட்டியில் மாட்டி நிற்கும். மறுமுனை தோலுக்கு வெளியே. டாக்டர் அந்தக் கம்பியை வழியாக வைத்து உள்ளே போவார். பயாப்ஸி எடுத்த அன்றே எள் அளவு கிளிப் ஒன்றைக் கட்டிக்குள் விட்டு வைத்திருக்கிறார்கள். வெட்டி எடுத்த சதையை எக்ஸ்ரே எடுத்து, அதில் கிளிப் இருந்தால் சரியான இடத்தைத்தான் எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

"கம்பி விலகிட்டுன்னா?" என்றேன்.

"நான் தப்பான இடத்தை வெட்டிட்டு வருவேன். அதனால விலகக் கூடாது" என்றார்.

ரிப்போர்ட்டில் இடம் குறித்திருக்கிறது. கடிகாரத்தை மேலே வைத்ததாகக் கொண்டு, இடது பக்கம், இரண்டு மணி, காம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர். இப்படித் துல்லியமாக எழுதினால் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதைப் படிக்கக் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும்போது ஞானதுரை காரை ஓட்டிக்கொண்டே, "ரெண்டு மணி பொசிஷன்தான சார், கம்பி வைக்கிறது சுலபம்னு சொல்லுவாங்க" என்றான்.

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் இன்றைக்குத்தான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு மனப்பாடமாக இருக்கிறது! 


ஜூலை 11, வெள்ளி

சாரல். துணி காயவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

உலகு கொல்லையில் செம்பருத்திச் செடி பக்கம் நின்று போனில் பேசினாள். பதினான்கு நிமிஷம். இரண்டு தடவை சிரித்தாள். என்னோடு பதினான்கு நிமிஷம் பேசினால் அதற்குள் இரண்டு சண்டை முடிந்து மூன்றாவது ஆரம்பித்திருக்கும்.

"யாரு?" என்றேன், தெரியாத மாதிரி.

"ஞானதுரை சார். ஆபரேஷனுக்கு முன்னால எத்தனை மணி நேரம் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கேட்டேன்."

அதற்கு எதற்குச் சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் அவள் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்கலாம் என்றுதான் உள்ளே போனேன். தோசைக்கு என்ன சட்னி என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.


ஜூலை 13, ஞாயிறு

ஞானதுரை ஆலய ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்துவிட்டான். கையில் ஒரு சின்னத் தலையணை, பூப்போட்ட உறை. ஆபரேஷனுக்கு அப்புறம் கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் உரசாதாம்.

"ரோஸ்லின் வச்சிருந்தது டீச்சர். தொவச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்."

ரோஸ்லின் அவன் பெண்டாட்டி. செத்தவள் வைத்திருந்ததை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எதற்குக் கலங்க வேண்டும்? ரோஸ்லின் என்ன நோயில் போனாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மஞ்சள் காமாலை என்று யாரோ சொன்னதாக ஞாபகம். அடக்கத்துக்கு நான் போகவில்லை, அன்றைக்கு ஆழ்வார்குறிச்சியில் அளவை வேலை இருந்தது.

அவன் போன பிறகு கடைவீதிக்குப் போய் அதைவிடப் பெரியதாக ஒரு தலையணை வாங்கி வந்தேன். "இது கைக்கு இடையில நிக்காதுங்க" என்று உலகு அதைப் பரணில் போட்டுவிட்டாள்.


ஜூலை 14, திங்கள்

பதினாறாம் தேதி ஞானதுரைக்கு லீவு கிடையாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டாராம். எனக்குச் சந்தோஷம். வாடகைக் காருக்குச் சொல்லிவைத்தேன். சாயங்காலம் லீவு கிடைத்துவிட்டது என்று போன் வந்தது.


ஜூலை 16, புதன்

காலை 7.50. ஆஸ்பத்திரி. அட்மிஷன் ஃபாரத்தில் 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'உறவு' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன். ஞானதுரை காரை நிழல் பார்த்து நிறுத்தப் போயிருக்கிறான்.

9.10. கம்பி வைத்தாயிற்று. முக்கால் மணி நேரம் அந்த மிஷினில் அழுத்தி வைத்திருந்தார்கள். வீல்சேரில் வெளியே வந்தபோது உலகுவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரி கவுன், மேலே ஒரு துண்டு. கவுனுக்குள்ளே புடைத்துக்கொண்டிருந்தது. டீ குடிக்கிற பேப்பர் கப்பைப் பாதியாக வெட்டிக் கம்பி மேல் கவிழ்த்துப் பிளாஸ்திரி போட்டிருக்கிறார்களாம். நர்ஸ் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "கம்பி அசையக் கூடாது. இடது கையைத் தூக்க விடாதீங்க. இழுத்த மாதிரி ஏதாச்சும் இருந்தா உடனே சொல்லுங்க." எங்கள் இருவரில் யார் புருஷன் என்று அவள் கேட்கவில்லை, பொதுவாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

9.30. ரூமுக்கு வந்தாயிற்று. பதினொரு மணிக்குத்தான் தியேட்டர், அதற்கு முன்னால் வேறொரு கேஸ். வீல்சேரிலிருந்து எழுந்தபோது உலகுவுக்குத் தலை சுற்றியிருக்கும் போல, கையை நீட்டினாள். ஞானதுரை அந்தப் பக்கமாக நின்றான். நான் குறுக்கே போய் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். பிளாஸ்திரி லேசாக விலகியது, சரிசெய்துவிட்டேன். கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள்.

9.55. கேன்டீன் டீ வாயில் வைக்க விளங்கவில்லை. நர்ஸிடம், கம்பி வெளியே எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று சும்மா கேட்டேன். "ஏன் சார்?" என்றாள். "சர்வேயர்ல்லா, அளவு தெரிஞ்சுக்கலாமேன்னு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறேன். ஸ்டீல் செயின் இந்தப் புழுக்கத்தில் உறுத்துகிறது. வெளியே சாரல் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

10.15. உலகுவிடம் வலிக்கிறதா என்று கேட்டேன். முதலில் ஒரு தடவை சுருக்கென்று இருந்ததாம், இப்போது இல்லையாம். "நீங்க சாப்பிட்டியளா?" என்றாள்.

10.30. எழுதிவிடுகிறேன். அளந்ததை அளந்தபடி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

அவளைப் பிடித்தபோது வாட்ச் செயின் அந்தக் கப்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது கப்பு சாய்ந்தது, கம்பி கூடவே வந்தது. உலகு 'ஸ்' என்றாள். "என்னது?" என்று கேட்டாள். "பிளாஸ்திரிதான்" என்றேன். நம்பிவிட்டாள். கம்பியை உள்ளே தள்ளவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. வெளியே வந்ததை வளைத்துவிட்டு மேலே கப்பை வைத்து ஒட்டினேன். ஞானதுரை அப்போது தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

ஒரு அங்குலம் வந்திருக்கும். ஒரு அங்குலம் என்றால் இருபத்தைந்து மில்லிமீட்டர். கட்டி எட்டு.

அவள் ஏன் அவன் பக்கம் கையை நீட்டினாள்? அவன் பக்கத்தில் நின்றான், அதனால் என்று சொல்லலாம். நான் மட்டும் எங்கே நின்றேன்? இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

இப்போது போய்ச் சொன்னால் அவன் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் அவன், ஒரு இடத்திலும் அவனால் ஒரு கெடுதலும் வரவில்லை. நான் வந்தேன், இரண்டாவது தடவையிலேயே இழுத்துவிட்டேன். இதைச் சொன்னால் உலகு அவனைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். வாட்ச் செயினில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கொக்கி கெட்டியாகத்தான் பிடித்திருக்கும், வெளியே வந்தது வெறும் தொய்வாக இருக்கலாம். இருக்கலாம்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் சத்தம்.


அதே நாள், மாலை 5.30

நர்ஸ் ஃபைலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், எந்தப் பக்கம், தண்ணீர் குடித்தாளா. கடைசியாக, "கம்பி ஒண்ணும் அசையலியே அம்மா?" என்றாள்.

"இல்ல" என்றாள் உலகு. நான் பிளாஸ்திரி என்று சொன்னதை நம்பிச் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சரை லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் ஞானதுரையும் கூடவே நடந்தோம். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை வயலில் நின்று கேட்டிருக்கிறேன், கல்லை யார் நகர்த்தியது என்று. ஒருத்தனும் நான்தான் என்று ஒத்துக்கொண்டதில்லை. எல்லாரும் பக்கத்து வயல்காரனைத்தான் கை காட்டுவார்கள். அவர்களை நான் என்னென்ன பேசியிருக்கிறேன்! லிஃப்ட் கதவு திறந்தது.

"சிஸ்டர், நிறுத்துங்க. கம்பி வெளிய வந்துட்டு. நான்தான் இழுத்துட்டேன்."

என் குரல் பெரிய குரல். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்ப?" என்றாள் உலகு.

"கட்டில்ல உக்கார வச்சப்ப. என் வாட்சு மாட்டிக்கிட்டு."

"அது பிளாஸ்திரின்னு சொன்னிய."

"பொய் சொன்னேன்."

அவள் ஞானதுரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அதுவும் நன்றாக இல்லை, அவனைப் பார்த்திருந்தாலே தேவலை என்று இருந்தது.

டாக்டர் மீனலோசனி தியேட்டர் உடுப்போடு இறங்கி வந்தார். "ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்து சொல்றீங்களே சார்! இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் வெட்ட ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். என் மகள் வயசுப் பெண் என்னை நிற்க வைத்துத் திட்டினார், நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். மறுபடி படம் எடுத்தார்கள். கொக்கி கிளிப்பை விட்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நின்றதாம். அந்த வழியில் போயிருந்தால் நல்ல சதையை எடுத்துவிட்டுக் கட்டியை உள்ளேயே விட்டிருப்பார்கள்.

ஆகவே இன்னொரு கம்பி. மறுபடி அந்த மிஷின், மறுபடி அழுத்தல், மறுபடி ஊசி. கதவுக்குள் போகும் முன்னால் உலகு சொன்னாள், "திரும்பவும் வலிக்கும். தெரியும்லா?"

"தெரியும்."

"சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்றேகால் மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் ஞானதுரையும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். இப்போது குத்திக் காட்டுவான், இல்லை மெல்லிய குரலில் ஆறுதல் சொல்வான், எதைச் சொன்னாலும் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவனோ கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபம் செய்திருப்பான்.

இரண்டு நாற்பதுக்கு டாக்டர் வந்தார். "எடுத்தாச்சு. எடுத்த சதையை எக்ஸ்ரே பார்த்துட்டோம். கிளிப்பும் புள்ளிகளும் உள்ளதான் இருக்கு, கச்சிதமா நடுவுல" என்றார். 

திரும்பிப் பார்த்தால் ஞானதுரை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறான். என் பெண்டாட்டிக்காக இவன் எதற்கு இப்படி அழ வேண்டும் என்று உடனே எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. எழுதத்தான் வேண்டும்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க" என்றான். "ஒரு மாசமா உங்க ரெண்டு பேரையும் பாத்து எனக்கு வயிறு எரியுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரோஸ்லினுக்குக் கம்பியும் தேவைப்படல, ஒண்ணும் தேவைப்படல. எலுமிச்சங்காய் அளவு இருந்துச்சு, துணிக்கு மேலயே தெரிஞ்சுச்சு. எட்டு மாசம் எங்கிட்ட மறைச்சிருக்கா சார். நான் காலையிலயும் சாயங்காலமும் டியூஷன் எடுத்துக்கிட்டு இருந்தேன். டீச்சருக்கு எட்டு மில்லிமீட்டர்லயே தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம்தான் சார், சத்தியமா சந்தோஷம். ஆனா இப்ப டாக்டர் வந்து எடுத்தாச்சுன்னு சொன்னாங்க பாருங்க, எங்களுக்கு ஏன் ஒருத்தரும் அப்படி வந்து சொல்லலைன்னு இருக்கு. உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு சார்."

பத்து நாளாக இந்த மனிதரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவன் நான். என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படக்கூடும் என்று கனவிலும் நினைத்ததில்லை. கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அவர் சர்க்கரை போடாமல் குடிப்பாராம். அது எனக்குத் தெரியாது, சர்க்கரை போட்டதையே குடித்தார்.


ஜூலை 17, வியாழன்

உலகு எழுந்து உட்கார்ந்தாள். இட்லி இரண்டு சாப்பிட்டாள். கையைத் தூக்க வலிக்கிறது. ரோஸ்லினின் தலையணையை நானே எடுத்து வைத்துவிட்டேன், சரியான அளவுதான்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அவருகிட்ட மொதல்ல சொன்ன. ஏன் எங்கிட்ட சொல்லல?"

தலையணையை விலாவோடு சேர்த்துக்கொண்டாள்.

"அவருகிட்ட சொன்னா நான் பயப்படலாம்" என்றாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க பயப்படுவிய. சத்தம் போடுவிய, மிஷினு தப்புன்னுவிய, டாக்டரோட சண்டைக்குப் போவிய. எனக்கு இருக்க பயத்தோட சேத்து உங்க பயத்தையும் நான்தான் பாத்துக்கணும். அவ்வளவுக்கு என்கிட்ட தெம்பு இல்ல."

"நான் எங்க பயந்தேன்?" என்றேன்.

அவள் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். வாட்சை நான் இன்னும் கட்டவில்லை.

"நேத்து சொன்னியள்லா, அத்தனை பேர் முன்னாலயும்" என்றாள். "அது நல்லது."

அப்புறம் தூங்கிவிட்டாள். எழுந்ததும் குடிக்க வெந்நீர் பிடித்து வைத்தேன்.


ஜூலை 25, வெள்ளி

பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வெட்டிய ஓரங்களில் ஒன்றும் இல்லை, சுத்தம். ரேடியேஷன் மட்டும் கொடுக்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாள், ஒரு மாதத்துக்கு.

உலகு ஞானதுரை சாருக்குப் போன் பண்ணிச் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை. ஆறு ஏழு இருக்கும்.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.


ஜூலை 30, புதன்

செண்பகத்துக்குச் சொன்னோம். அழுதாள். "அப்பா, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். "கூட இருந்தேன்" என்றேன். உலகு அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.


ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை முதல் ரேடியேஷன். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்வரலாம் என்று நான் சொன்னேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் தினமும் பஸ்ஸில் குலுங்க முடியாது என்று உலகு சொன்னாள். நியாயம்தான். முதல் வாரம் ஞானதுரை சார் வருகிறார், அப்புறம் வாடகைக் கார். நான் பின் சீட்டில் அவளோடு உட்கார்ந்துகொள்வேன்.

சாயங்காலம் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். உலகு வந்து பாத்ரூம் வாசலில் நின்றாள். பக்கெட் வேண்டும் போல என்று நகர்த்தி வைத்தேன். அவள் எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்கும்தான் என்று சொல்ல வந்தது, அதையும் விழுங்கினேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னத்த நெனச்சு?" என்று கேட்டேன்.

சொன்னாள். கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள், நான் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். இருட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

இதையெல்லாம் ஞானதுரை சாரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.